வசனத்தைப் பிய்க்காதீர்கள்

புத்தாண்டு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டை மூலம் தேவன் பேசுகிறார் என்கிறார் ஒரு சகோதரர். பேசலாம். ஆனால் வசனத்தின் முன்பின் பார்ப்பது விசுவாசக் குறைவு என்கிறாரே, அதை என்னால் ஏற்கவே முடியாது.

அவர் காட்டும் சான்று எரேமியா 29:11. தம் ஜனத்துக்கு நல்ல எதிர்காலம் உண்டென்று தேவன் உறுதி தரும் வசனம். அது ஒரு கடிதத்தின் நடுவில் வருகிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதி, சிதேக்கியா ராஜாவின் தூதர்கள் கையில் கொடுத்தனுப்பிய கடிதம். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள், உங்களைச் சிறைவைத்திருக்கும் பட்டணத்துக்காகவே ஜெபியுங்கள் என்கிறது அது. மீட்பு வர 70 வருஷம். கடிதத்தை வாசித்த பெரியவர்கள் அதைக் கண்ணால் காணப்போவதில்லை, பேரப்பிள்ளைகள்தான் காண்பார்கள். அப்படியும் நம்பச் சொன்னார் தேவன். எவ்வளவு பெரிய நம்பிக்கை அது!

முந்தின அதிகாரத்தில் அனனியா என்னும் தீர்க்கதரிசி ஆலயத்தில் நின்று, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பும் என்றான். ஜனங்கள் கேட்க ஆசைப்பட்டது அதைத்தான். கர்த்தர் அவனை அனுப்பவில்லை. 11ஆம் வசனத்தை மட்டும் பிய்த்தெடுத்து, இந்த வருஷமே வேலை, விசா, வீடு என்று சொல்லும்போது, எரேமியாவின் பெயரில் அனனியாவைப் பிரசங்கிக்கிறோம்.

வேலை கிடைக்காத இளைஞன் டிசம்பரில் தன் விசுவாசத்தையே சந்தேகிக்கிறான். அந்தப் பாரத்தை அவன்மேல் சுமத்தியது வேதம் அல்ல, நாம்தான். போதகர்களே, அட்டையைக் கொடுங்கள். கூடவே அந்த அதிகாரத்தை முழுவதும் சபையில் வாசியுங்கள்.