வாசல் திறந்தது... உடன் நடப்பவர் யார்?

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியானதும் நம் பங்குகளில் மகிழ்ச்சி பொங்குகிறது. அதிக மதிப்பெண் பெற்றவர்களை ஞாயிறு திருப்பலி முடிவில் அழைத்து, பொன்னாடை போர்த்திக் கைதட்டுகிறோம். நல்லதுதான். ஆனால் அவர்களில் எத்தனை பேர் மறு ஆண்டும் கல்லூரிக்குப் போகிறார்கள் என்று நாம் கேட்டதுண்டா?

கல்லூரியின் வாசல் முன்பைவிட அகலமாகத் திறந்திருக்கிறது என்பது உண்மை. 2021-22ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் இந்திய அளவில் 28.4 விழுக்காடு, தமிழகத்தில் 47. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தொழிற்கல்வியில் கட்டணச் சலுகை 2010இல் வந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் மருத்துவத்திலும், 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளிலும் கிடைத்தது. மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024இலும் தொடங்கப்பட்டன. புதுமைப் பெண் திட்டம் 2024 டிசம்பரில் அரசு உதவிபெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவியருக்கும் விரிவாக்கப்பட்டது. நம் மறைமாவட்டப் பள்ளிகளில் படிக்கும் ஏழைப் பிள்ளைகள் பலருக்கு இது நேரடிப் பயன்.

இருப்பினும், சலுகை இருப்பது வேறு, அது பிள்ளையின் கைக்கு வந்து சேர்வது வேறு. கட்டட வேலைக்குச் செல்லும் ஒரு தாயின் மகளை நினைத்துப் பார்ப்போம். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றுக்காக இ-சேவை மையத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் அலைய வேண்டும். இணையக் கலந்தாய்வில் எந்தக் கல்லூரியை முதலில் குறிப்பது என்று சொல்ல வீட்டில் ஆளில்லை. தலித் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குக் குழப்பம் இன்னும் அதிகம். இட ஒதுக்கீட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர். ஆனால் ஆதிதிராவிடர் நலத்துறையின் கல்வி உதவித்தொகையில் மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிடருக்கும் இடமுண்டு. இது தெரியாமல் விண்ணப்பிக்காமலேயே விட்டவர்கள் நம் நடுவே இருக்கக்கூடும்.

சேர்ந்த பிறகுதான் உண்மையான சோதனை. தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பு புரிவதில்லை. முதல் பருவத்தில் இரண்டு பாடங்களில் அரியர் விழுகிறது. உதவித்தொகை வருவதற்குள் கட்டணம் செலுத்தும் கடைசி நாள் வந்துவிடுகிறது. "எனக்குப் படிப்பு வராது" என்று அந்தப் பிள்ளை தன்னைத்தானே தீர்ப்பிட்டுக்கொண்டு, பின்னலாடை ஆலைக்கோ ஜவுளிக்கடைக்கோ போய்விடுகிறாள். இங்கே தோற்றது அவள் அறிவா? "போன மாதம் ஏன் வகுப்புக்குப் போகவில்லை?" என்று கேட்க ஒருவர் இல்லாமல் போனதுதானே காரணம்!

இப்படிக் கேட்பதையே வாழ்நாள் பணியாக ஏற்றவர்கள் உண்டு. விடுதிக் காப்பாளராக, வழிகாட்டும் ஆசிரியராக, மாலைநேர வகுப்பு நடத்துபவராக அவர்கள் அமைதியாக உழைக்கிறார்கள். பெரிய சம்பளமோ புகழோ இல்லை. ஆனால் அவர்களால் ஒரு பிள்ளை பட்டம் பெறும்போது, அந்த வீட்டில் அடுத்த பிள்ளைக்கு வழிசொல்ல ஆள் பிறந்துவிடுகிறது. நம் பங்கு இளைஞர்கள் வாழ்க்கைத் தொழிலைத் தேர்ந்தெடுக்கும்போது, இதுவும் ஓர் அழைத்தல் என்று நாம் எடுத்துச் சொல்கிறோமா?

பங்கில் பட்டம் பெற்றவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள் இருக்கிறார்கள். ஒருவர் ஒரு மாணவரைப் பொறுப்பேற்று, மூன்று ஆண்டுகள் மாதம் ஒருமுறை சந்தித்தால் போதும். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை.

எம்மாவு சாலையில் மனம் தளர்ந்து சென்ற இருவரோடு உயிர்த்த ஆண்டவர் சேர்ந்து நடந்தார். அவர்கள் சொன்னதை முதலில் கேட்டார். நம் தெருவில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் புறப்படும் பிள்ளையோடு நடக்கப்போவது யார்? பொன்னாடை போர்த்திய கைகளே அந்தப் பிள்ளையின் கையையும் பிடிக்கட்டும்.