டெல்லியிலிருந்து சென்னையைவிட தாஷ்கண்ட் பக்கம்தான்... ஆனால் இண்டிகோ ஏன் போக முடியவில்லை?

டெல்லியிலிருந்து சென்னைக்கு நேர்க்கோட்டில் சுமார் 1,760 கி.மீ. அதே டெல்லியிலிருந்து உஸ்பெகிஸ்தான் தலைநகர் தாஷ்கண்டுக்கு சுமார் 1,580 கி.மீ.தான். விமானத்தில் ஏறினால் ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் போய் இறங்கிவிடலாம்.

ஆனால், 2025 ஏப்ரல் கடைசியில் தாஷ்கண்ட் சேவையை இண்டிகோ நிறுத்தியது. கஜகஸ்தானின் அல்மாட்டிக்கும் அதே கதிதான். தன்னிடம் இருக்கும் விமானங்களால் எட்ட முடியாத தூரம் என்று அந்த நிறுவனம் காரணம் சொன்னது. இரண்டு ஊர்களும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. பிறகு தூரம் எப்படிக் கூடியது?

என்ன நடந்தது?

பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு இரு நாட்டு உறவு மோசமானது. ஏப்ரல் 24 அன்று, இந்திய நிறுவனங்களின் விமானங்கள் தன் வான்வெளியில் பறக்க பாகிஸ்தான் தடை விதித்தது. ஏப்ரல் 30 அன்று இந்தியாவும் பதிலுக்கு பாகிஸ்தான் விமானங்களைத் தடுத்தது. ஒரு மாதத்துக்கு என்று சொல்லப்பட்ட தடை, பிறகு மாதாமாதம் நீட்டிக்கப்பட்டது.

தன் நாட்டுக்கு மேலே உள்ள வான்வெளி முழுவதும் அந்தந்த நாட்டுக்கே சொந்தம் என்கிறது 1944-ம் ஆண்டின் சிகாகோ ஒப்பந்தம்.

வேறு வழி இல்லையா?

வடக்கே நேராகப் போகலாமே என்று தோன்றும். அங்கே இமயமலையும் காரகோரமும் நிற்கின்றன. நடுவானில் விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்தால், சுமார் 10,000 அடிக்குச் சீக்கிரம் இறங்கியாக வேண்டும். மலையே அதைவிட இரண்டு மடங்கு உயரம் என்றால் எங்கே இறங்குவது?

மிச்சம் இருப்பது மேற்கு வழி. குஜராத், அரபிக்கடல், ஈரான், துர்க்மெனிஸ்தான் என்று சுற்றிக்கொண்டு போக வேண்டும். தூரம் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். எரிபொருள் கூடும், பணியாளர்களின் வேலை நேரமும் கூடும்.

லாபம் யாருக்கு?

தடை இந்திய நிறுவனங்களுக்கு மட்டும்தான். உஸ்பெகிஸ்தான் ஏர்வேஸ் வழக்கம்போல பாகிஸ்தான் மேலே பறந்து டெல்லிக்கு வந்து போகலாம். ஒரே இரண்டு ஊர், ஒரே தூரம். விமானத்தின் வாலில் எந்த நாட்டு நிறுவனத்தின் பெயர் இருக்கிறது என்பதைப் பொறுத்து பயண நேரம் மாறுகிறது.

இதன் விலை சின்னதல்ல. 2019-ல் பாலகோட் தாக்குதலுக்குப் பிறகு பாகிஸ்தான் வான்வெளி ஜூலை நடுப்பகுதி வரை மூடிக்கிடந்தது. அதில் ஏர் இந்தியாவுக்கு மட்டும் 491 கோடி ரூபாய் இழப்பு என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

பயணிகளுக்கு இது டிக்கெட் விலைப் பிரச்சினை. உஸ்பெகிஸ்தானில் மருத்துவம் படிக்கும் இந்திய மாணவர்களும் இந்த வழியை நம்பித்தான் இருக்கிறார்கள். போட்டிக்கு இருந்த ஒரு நிறுவனம் விலகினால், மிச்சம் இருப்பவர் கேட்கும் விலையைத்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.