பத்து நிமிஷ வேலைதான்!

"பத்தே நிமிஷம். வலி இல்லை, தையல் இல்லை. கண்ணாடிக்கு டாட்டா!" லேசிக் விளம்பரம் எங்கே பார்த்தாலும் இதே பல்லவிதான். கூடவே தள்ளுபடி, மாதத் தவணை வேறு. கண்ணில் செய்கிற ஆபரேஷனை மிக்ஸி, கிரைண்டர் மாதிரி கூவி விற்கிறார்கள்!

சரி, அந்தப் பத்து நிமிஷத்தில் என்னதான் நடக்கிறது? கருவிழிக்கு முன்னால் வாட்ச் கண்ணாடி மாதிரி மூடியிருப்பது கார்னியா. அதன் மொத்த தடிமனே ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். அதில் மேலாக ஒரு மெல்லிய மூடியை வெட்டி, கதவு போலத் திறந்து, அடியில் இருக்கும் திசுவை எக்சைமர் லேசரால் செதுக்கிவிட்டு, மூடியைத் திரும்பப் படுக்க வைக்கிறார்கள். செதுக்கினது செதுக்கினதுதான், மறுபடி வளராது. மூடியும் பழைய பலத்தோடு ஒட்டாது.

வெட்டும்போது கார்னியாவின் நரம்பு இழைகளும் சேர்ந்து அறுபடுகின்றன. "கண் காய்கிறது, கண்ணீர் அனுப்பு" என்று தகவல் சொல்வதே அந்த நரம்புகள்தான். அதனால்தான் ஆபரேஷனுக்குப் பிறகு கண் வறட்சி. பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் குறைந்துவிடும். சிலருக்கு வருஷக்கணக்கில் சொட்டு மருந்தும் கையுமாக அலைய வேண்டியதுதான். இன்னும் சிலருக்கு ராத்திரியானால் எதிரே வரும் லாரி விளக்கைச் சுற்றி ஒளிவட்டம், சிதறல்.

"அதெல்லாம் எங்கேயோ ஒருத்தருக்கு" என்பதுதான் வழக்கமான பதில். இங்கேதான் கணக்கு உதைக்கிறது. விளம்பரத்தில் வெற்றி என்றால் வெளிச்சமான அறையில் உட்கார்ந்து சார்ட்டில் 6/6 வரியைப் படிப்பது. அதே ஆள் ராத்திரி வண்டி ஓட்டப் பயப்பட்டாலும் வெற்றிக் கணக்கில்தான் வருவார். வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாமல் விட்டால் எந்தக் கடையும் லாபம்தான்!

அமெரிக்காவின் எஃப்.டி.ஏ.வும் ராணுவத் துறையும் தேசியக் கண் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து நடத்திய 'ப்ரௌல்' ஆய்வுகளின் முடிவுகள் 2017ல் ஜாமா ஆப்தல்மாலஜி இதழில் வந்தன. அதற்கு முன் ஒளிவட்டம், சிதறல், இரட்டைப் பார்வை போன்ற எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களில், மூன்றாம் மாதம் புதிதாக ஒன்றாவது வந்ததாகச் சொன்னவர்கள் ஓர் ஆய்வில் 43%, இன்னொன்றில் 46%. வறட்சி இல்லாமல் வந்தவர்களில் சுமார் 28% பேருக்கு வறட்சி. அதே ஆய்வுகளில் 95 சதவீதத்துக்கும் மேல் பார்வையில் திருப்தி என்றார்கள். இந்தத் தொந்தரவுகளால் அன்றாட வேலையே பெரும்பாடு என்றவர்கள் 1 சதவீதத்துக்கும் குறைவு. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் விளம்பரத்தில் இந்த 95 மட்டும் வருகிறதே, அந்த 43 எங்கே போனது?

எஃப்.டி.ஏ.வில் லேசிக் கருவிகளைப் பரிசீலித்த பிரிவுக்குத் தலைமை வகித்தவர் மோரிஸ் வாக்ஸ்லர். பதவியை விட்டு வந்தபின், 2011ல் அவரே அந்த அனுமதியை வாபஸ் வாங்கச் சொல்லி மனு போட்டார். 2014ல் மனு நிராகரிக்கப்பட்டது. ஆனால் 2022ல் அதே எஃப்.டி.ஏ. வெளியிட்ட வரைவு, இரட்டைப் பார்வை, வறட்சி, ராத்திரி வண்டி ஓட்டுவதில் சிரமம், நீடித்த வலி எல்லாம் வரலாம், பிறகும் கண்ணாடி தேவைப்படலாம் என்று நோயாளியிடம் தெளிவாகச் சொல்லச் சொன்னது.

நம்மூர்க் கதைக்கு வருவோம். "பொண்ணு சோடாபுட்டி போட்டிருக்கே" என்று யாரோ ஒரு அத்தை சொன்னதற்காக, கல்யாணத்துக்கு முன் அவசரமாக ஆபரேஷன் டேபிளில் படுக்கிற பெண்கள் எத்தனை பேர்! பவர் ஒரு வருஷமாவது மாறாமல் நிற்கிறதா? கார்னியா போதிய தடிமனா? அதன் வளைவு ஒழுங்காக இருக்கிறதா? ஏற்கெனவே கண் வறண்டிருக்கிறதா? கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர் அளவெடுப்பதற்கு முன்பே அதை நிறுத்திவிட்டாரா? கூம்பு விழி இருப்பது தெரியாமல் செதுக்கிவிட்டால் கார்னியா மேலும் பலவீனமாகிப் பிதுங்கலாம், கார்னியா மாற்று சிகிச்சை வரை போகலாம். நல்ல டாக்டர்கள் இதையெல்லாம் பார்த்து, "உனக்கு இது வேண்டாம்மா" என்று திருப்பி அனுப்புகிறார்கள். தள்ளுபடி இந்த மாதக் கடைசி வரைதான் என்று அவசரப்படுத்துகிற இடத்தில் அந்த வார்த்தை வருமா?

இன்னொன்று. நாற்பது வயசுக்கு மேல் படிக்கக் கண்ணாடி எல்லோருக்கும் வரும். லேசிக் அதைத் தடுக்காது.

லேசிக் கூடாது என்பதல்ல வாதம். பலருக்கு நன்றாகவே அமைகிறது. ஆனால் ஆரோக்கியமான கண்ணில் விரும்பிச் செய்துகொள்வது இது. நாளைக்குச் செய்தாலும் குடி முழுகிப் போகாது. அதனால் பாதகங்களையும் சாதகங்கள் அளவுக்கே பெரிய எழுத்தில் போட வேண்டும். அந்தச் சம்மதப் படிவத்தை ஆபரேஷன் வாசலில் நீட்டாமல், ஒரு வாரம் முன்னாடியே தமிழில் கையில் கொடுக்க வேண்டும். வீட்டுக்கு எடுத்துப்போய் நாலு பேரிடம் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு?