காவலும் அடைக்கலமும்



சென்ற தவக்காலத்தின் ஓர் இரவில், உடையார்பாளையம் வட்டாரத்திலுள்ள நம் பங்குக் கோவிலின் உண்டியலை யாரோ உடைத்து, உள்ளிருந்த காணிக்கையை எடுத்துச் சென்றுவிட்டனர். இழந்த தொகை பெரிதன்று. மக்கள் மனத்தில் விழுந்த அடியே பெரிது. காலைத் திருப்பலிக்கு வந்தோரின் முகங்களில் துயரத்தினும் சினமே மிகுந்திருந்தது. அன்று மாலை கூடிய பங்குப் பேரவையில், சுற்றுச்சுவரை உயர்த்த வேண்டும், பூசை நேரம் தவிரப் பெரிய வாயிலைப் பூட்டி வைக்க வேண்டும் என்ற குரலே ஓங்கி நின்றது. நாமும் அதற்கு இசைந்தோம். மறுநாளே புதிய பூட்டு வந்தது.

மூன்று வாரம் கழிந்து ஒரு பிற்பகலில், நோயாளி ஒருவரைச் சந்தித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். பூட்டிய வாயிலின் முன்னே மூதாட்டி ஒருவர் தரையில் குந்தியிருந்தார். முந்திரிக் காட்டில் கூலி வேலை முடித்து வந்த களைப்பு அவர் முகத்தில் தெரிந்தது. அவர் நம் மறையைச் சேர்ந்தவர் அல்லர். எனினும் வெளியூரில் பிழைக்கும் தம் மகனுக்காக ஆண்டுக்கணக்கில் நம் மாதா கெபியில் மெழுகுதிரி ஏற்றி வருபவர். அன்று உள்ளே செல்ல வழியின்றி, கம்பிகளுக்கு வெளியே மண்ணில் திரியை ஊன்றி, காற்றில் அணையாதபடி சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டிருந்தார். நம்மைக் கண்டதும் எழுந்து, "பூட்டிட்டீங்களா சாமி? பரவாயில்லை, மாதாவுக்கு இங்கேயிருந்தே கண்ணு தெரியும்" என்றார்.

அச்சொல்லில் குறை கூறும் தொனி சிறிதும் இல்லை. அதனாலேயே அது நம்மைச் சுட்டது. உண்டியலை உடைத்தவன் ஓர் இரவு வந்து போனான். அவன் பொருட்டு இவரை நாள்தோறும் வெளியே நிறுத்தியவர்கள் நாம் அன்றோ?

நாம் வாழும் இம்மண்ணின் வரலாற்றை எண்ணிப் பார்ப்போம். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் படையெடுப்பின் அச்சம் காஞ்சி மாநகரைச் சூழ்ந்தபோது, அங்குள்ள வரதராசப் பெருமாளின் திருவுருவம் உடையார்பாளையத்திற்குக் கொண்டுவரப்பட்டது. அடர்ந்த காடும் பாளையக்காரரின் காவலும் அதற்குப் புகலிடம் தந்தன. 1710ஆம் ஆண்டில் அது மீண்டும் காஞ்சிக்குச் சென்று சேர்ந்ததைக் கல்வெட்டு கூறுகின்றது. அன்று இவ்வூர் செய்த காவல் பிறரைத் துரத்துவதற்காக அன்று. அடைக்கலம் தேடி வந்ததைக் காப்பதற்காக.

இதே அரியலூர்ச் சீமையில், கொள்ளிடத்தின் வடபால் உள்ள ஏலாக்குறிச்சியில், வீரமாமுனிவர் அடைக்கல மாதாவுக்குக் கோவில் எழுப்பினார். அவ்வூருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு, அம்மாதாவின்மீது கலம்பகமும் பாடினார். ஊரின் பெயரில் காவல். அன்னையின் பெயரில் அடைக்கலம். காவலும் அடைக்கலமும் ஒன்றையொன்று விலக்குவன என்று அவர் கருதவில்லை. அஞ்சி ஓடி வருபவனுக்குக் கதவைத் திறக்காத இடம் அடைக்கலமாகாது. வந்தவனைக் காக்க இயலாத இடமும் அடைக்கலமாகாது.

திருச்சபையின் சட்டமும் இவ்விரண்டையும் ஒருங்கே கேட்கிறது. 1983ஆம் ஆண்டு வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 937ஆம் எண், கடுமையான காரணம் தடுத்தாலன்றி, நற்கருணை வைக்கப்பட்டுள்ள கோவில் நாள்தோறும் சில மணி நேரமேனும் விசுவாசிகளுக்குத் திறந்திருக்க வேண்டும் என்கிறது. 1221ஆம் எண்ணின்படி, வழிபாட்டு நேரத்தில் கோவிலுக்குள் நுழைவது தடையின்றியும் கட்டணமின்றியும் இருத்தல் வேண்டும். இவற்றோடு, திருப்பொருள்களையும் விலையுயர்ந்த பொருள்களையும் காக்கத் தக்க பாதுகாப்பைச் செய்யுமாறு 1220ஆம் எண் பணிக்கிறது. ஒன்றைப் பிடித்து மற்றொன்றை விட்டுவிட நமக்கு உரிமை இல்லை.

"இக்காலத்தில் கதவைத் திறந்து வைப்பது அறிவுடைமையா?" என்று சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்வியே. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று இலங்கையில் நிகழ்ந்ததை நாம் மறக்கவில்லை. கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோணியார் திருத்தலத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் கோவிலிலும், மட்டக்களப்பு சீயோன் சபையிலும், கொழும்பு விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆகவே காவல் வேண்டாம் என்று எவரும் கூறுவதற்கில்லை.

ஆயினும் மட்டக்களப்பில் நடந்ததைச் சற்று ஊன்றி நோக்குவோம். பெரிய பையுடன் வந்த அந்நியர் ஒருவரைச் சபையைச் சேர்ந்த ஒரு குடும்பத் தலைவர் முற்றத்தில் கண்டார். அருகே சென்று விசாரித்தார். விடையில் ஐயம் தோன்றவே உள்ளே விட மறுத்து வெளியே அழைத்துச் சென்றார். குண்டு வெளியிலேயே வெடித்தது. அவரும், முற்றத்தில் நின்ற குழந்தைகள் பலரும் உயிரிழந்தனர். உள்ளே கூடியிருந்த பெருந்திரள் தப்பியது. அன்று அவர்களைக் காத்தது உயர்ந்த மதிலன்று. வருபவரைக் கவனித்து, கிட்டே சென்று பேசிய ஒரு மனிதர். கொச்சிக்கடைத் திருத்தலமோ அதே ஆண்டு சூன் 12ஆம் நாள் மீண்டும் திறக்கப்பட்டது. பல சமயத்தாரும் நாடி வரும் அத்தலத்தில், சோதனை கூடிற்று, கதவு மூடப்படவில்லை.

பூட்டு ஆளை அறியாது. அது கள்வனையும் கூலிக்காரத் தாயையும் ஒன்றாகவே நிறுத்தும். ஆளை அறியக்கூடியவன் ஆள் ஒருவனே. இதை எடுத்துரைத்து, நாமே ஒப்பிய தீர்மானத்தை மாற்றுமாறு பேரவையைக் கேட்டுக்கொண்டோம். வாக்குவாதம் நீண்டது, முடிவில் இணங்கினர்.

இப்போது காலைத் திருப்பலி முதல் மாலைச் செபமாலை முடியும்வரை வாயில் திறந்திருக்கிறது. அன்பியங்கள் முறை வைத்துக்கொண்டு, பகலில் இருவராக வேப்பமரத்தடியில் அமர்கின்றனர். அறியாதவர் எவர் வந்தாலும் எழுந்து சென்று, "வாங்க, எந்த ஊர்? யாரைப் பார்க்கணும்?" என்று கேட்பதே அவர்கள் பணி. நல்ல நோக்கத்துடன் வந்தவருக்கு அது வரவேற்பு; தீய நோக்கத்துடன் வந்தவருக்கு அதுவே எச்சரிக்கை. உண்டியல் மாலைதோறும் இருவர் முன்னிலையில் திறந்து எண்ணப்படுகிறது. கெபியருகே விளக்கும், வாயிலில் கண்காணிப்புக் கேமராவும் உள்ளன. இவை துணையேயன்றிக் காவலர் அல்ல.

காவல் என்றால் திருடனைப் பற்றி மட்டுமே எண்ணுகிறோம். 2004 சூலை 16 அன்று நம் மறைமாவட்டத் தலைநகராம் கும்பகோணத்துப் பள்ளி ஒன்றில் தீப்பற்றி 94 குழந்தைகள் கருகினர். தப்பிச் செல்லத் தக்க வழி இல்லாமை அத்துயரைப் பெருக்கியது. எனவே மக்கள் கூடியிருக்கும்போது எவ்வாயிலும் பூட்டப்படலாகாது. திருவிழாக் கொட்டகை வெளியேறும் வழியை மறைக்கலாகாது. கிணற்றுக்கு மூடி வேண்டும்.

அனைத்தினும் மேலாக, நம் வளாகத்திற்கு வரும் சிறுவர் சிறுமியர் எவ்விதத் தீங்குமின்றி வீடு திரும்ப வேண்டும். மறைக்கல்வி வகுப்புகளைத் திறந்த கதவுடனே நடத்துகிறோம். எந்தக் குழந்தையையும் பெரியவர் எவரும், குருவாயினும், தனியறையில் வைத்திருத்தல் ஆகாது. தவறு நேர்ந்ததாக அறிந்தால் கோவிலின் பெயரைக் காப்பதாக எண்ணி மறைப்பது பாவம். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றமும் ஆகும். 1098 என்ற தொலைபேசி எண்ணைக் குழந்தைகளுக்கு மனப்பாடமாகக் கற்பியுங்கள்.

மீண்டும் திருட்டு நடவாது என்று நாம் உறுதி கூற இயலாது. முறைப்படி வர வேண்டியவர் வராமல் மரத்தடி வெறிச்சோடிக் கிடக்கும் நாள்களும் உண்டு. உண்டியல் உடைந்தால் வேறு செய்துகொள்ளலாம். கதவு மூடியிருந்ததால் திரும்பிப் போன ஒருவரை எங்கே தேடுவோம்?

தம்மையே ஆடுகளுக்கு வாயில் என்று கூறிய ஆண்டவர் ஆயனாகவும் விளங்கினார் என்பதை நினைவில் கொள்வோம். உங்கள் குடும்பத்தின் முறை வரும் நாளில் மரத்தடிக்கு வந்து அமருங்கள். அந்த மூதாட்டி வெள்ளிதோறும் வருகிறார். எழுந்து நின்று வரவேற்று, ஒரு செம்பு தண்ணீர் கொடுங்கள்.

அடைக்கல மாதா உங்கள் இல்லங்களைக் காப்பாளாக.