யாருக்காக இறங்குகிறோம்?

சென்ற மாதம் சுங்கை பாக்காப் காப்பிக் கடையொன்றில் நாம் அமர்ந்திருந்தபோது, பக்கத்து மேசையில் ஒரு விசாரணை நடந்தது. குற்றவாளிக் கூண்டில் நின்றவன் பத்து காவான் தொழிற்சாலையொன்றில் வேலை பார்க்கும் இளைஞன். விசாரித்தவர்கள் அவனுடைய தாய்மாமனும் அவருடைய நண்பர் இருவரும். குற்றம் யாதெனில், சேர்த்து வைத்திருக்கும் மூன்று வார விடுமுறையில் இராஜஸ்தானம் சென்று, பிக்கானேரிலிருந்து ஜெய்சல்மேர் வரை தார்ப் பாலைவனத்தின் ஊடே, இயன்ற இடமெல்லாம் பெருஞ்சாலையை விட்டு விலகி, மணல் வழியிலும் கிராமத் தடத்திலும் சைக்கிளில் செல்லப் போவதாக அவன் சொன்னதே.

“ஏன்டா தம்பி, உங்க தாத்தா சைக்கிள் மிதிச்சது பத்தலையா? கார் வாங்குற வயசுல மறுபடியும் சைக்கிளா? நாலு பேர் பார்த்தா என்ன சொல்லுவாங்க?” என்றார் மாமன். நண்பர்கள் சிரித்தார்கள்.

“தாத்தா எங்கே மாமா போனாரு? லயத்துலேருந்து பால் ஸ்டோருக்கு, பால் ஸ்டோர்லேருந்து லயத்துக்கு” என்றான் இளைஞன். அதற்கு மேல் அவனைப் பேச விடவில்லை.

இஃது ஒரு வீட்டுச் சங்கதியாயின் நாம் இதை எழுதத் துணியோம். ஆனால் மாமன் சொன்ன சொல் அவர் ஒருவருடைய சொல் அன்று. தோட்டத்திலும் பட்டணத்திலும் நம்மவர் வாயில் நாள்தோறும் வழங்குவது. சைக்கிள் ஏழையின் வண்டி. அதில் தூரதேசம் போவது வெள்ளைக்காரனின் பொழுதுபோக்கு. பாலைவனத்துக்குப் போவது பைத்தியக்காரத்தனம். பெண் போவதென்றால் அது குடும்பத்துக்கே கேடு. இந்த நான்கு வாதங்களையும் இங்கு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம். அதற்கு முன், அந்தத் தாத்தாவின் சைக்கிளைப் பற்றி நம்மவர் மறந்துவிட்ட ஒரு செய்தியைச் சொல்லுதல் வேண்டும்.

அக்காலத் தோட்டங்களில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. தொழிலாளி சைக்கிளில் போகும்போது எதிரே துரை வந்தால், அல்லது கிராணி வந்தால், அவன் இறங்கி நிற்க வேண்டும். அவர்கள் கடந்த பிறகே ஏற வேண்டும். வண்டி அவனுடையது, காசு அவனுடையது, கால் அவனுடையது, ஆயினும் அதன்மேல் அமர்ந்திருக்க அவனுக்கு உரிமை இல்லை. 1941ஆம் ஆண்டு சிலாங்கூரில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு, கள்ளுக்கடையை மூடு, பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் வை, எங்கள் பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்து என்று அவர்கள் கேட்டார்கள். அந்தக் கோரிக்கைகளின் வரிசையிலேயே இன்னொன்றும் இருந்தது: துரைமார் முன்னும் உத்தியோகஸ்தர் முன்னும் சைக்கிளை விட்டு இறங்காமல் செல்ல எங்களை அனுமதிக்க வேண்டும்.

கூலியோடும் கல்வியோடும் பெண்களின் மானத்தோடும் ஒன்றாக வைத்துக் கேட்கத்தக்கது சைக்கிள் இருக்கை என்று அந்த எளிய மக்கள் கண்டார்கள். அதற்குச் சர்க்கார் தந்த மறுமொழி இராணுவம். தலைவர்களில் ஒருவரான ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தார்கள். இறங்க மாட்டோம் என்று சொன்னதற்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்ட விலை அது.

இன்று துரையும் இல்லை. அந்தக் கிராணியும் இல்லை. ஆயினும் நாம் இறங்கிவிட்டோம். எவரும் அதட்டாமலே இறங்கிவிட்டோம். அண்டை வீட்டுக்காரன் என்ன நினைப்பானோ என்று இறங்கினோம். ஒன்பது வருஷக் கடனில் கார் வாங்கி, அந்தக் கடனுக்காகவே மிகைநேர வேலைக்கு ஓடுகிறவன் கௌரவமுள்ளவன். தன் காலால் மிதித்து, யாருக்கும் தவணை கட்டாமல் போகிறவன் கௌரவமற்றவன் என்று தீர்ப்பெழுதிக் கொண்டோம். அன்று இறக்கியவன் துரை. இன்று இறக்குகிறவன் யார்? நம் மனத்துக்குள் உட்கார்ந்திருக்கும் துரை அல்லவா?

நிற்க. வெள்ளைக்காரச் சீமானின் பொழுதுபோக்கு என்னும் வாதத்தை எடுத்துக்கொள்வோம். பாலைவனத்தில் சைக்கிள் எப்படி வந்தது என்று அறியாதவர்களே இவ்வாறு பேசுவார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் கூல்கார்டி வறண்ட பூமியில் 1892இல் பொன் கண்டெடுக்கப்பட்டது. இரயில் வருமுன்னே ஜனங்கள் வந்துவிட்டார்கள். குதிரைக்குத் தண்ணீரும் தீனியும் வேண்டும். அவ்விரண்டும் அங்கே பொன்னைப் போலவே அரிது. சைக்கிளுக்கோ ஒன்றும் வேண்டாம். ஆகவே கூடாரத்துக்குக் கூடாரம் கடிதமும் தந்தியும் சைக்கிளில் போயின. ஒட்டகங்கள் நடந்து நடந்து இறுகிய தடமே அவர்களுக்குச் சாலை. ஆட்டு மயிர் கத்தரிக்கும் கூலியாட்களும் மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பண்ணைக்குப் பண்ணை வேலை தேடிப் போனார்கள். 1896இல் ஆர்தர் ரிச்சர்ட்சன் என்பவர் கூல்கார்டியிலிருந்து மரமற்ற நல்லர்பார் வெளியைக் கடந்து 31 நாட்களில் அடிலெய்டு சேர்ந்தார். மறு வருஷம் ஜெரோம் மூரிஃப் என்பவர் தெற்கேயுள்ள அடிலெய்டிலிருந்து வடக்கேயுள்ள டார்வின் வரை கண்டத்தின் நடுவாகவே மிதித்துச் சென்றார். பாலைவனத்துச் சைக்கிளின் சரித்திரத்தில் முதலில் நிற்பவர்கள் உழைப்பாளிகள். சீமான்கள் பிறகு வந்தார்கள்.

நம் நாட்டவர் போனதில்லை என்பதும் அறியாமையே. 1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து ஆறு பார்சி வாலிபர்கள் உலகைச் சுற்றக் கிளம்பினார்கள். பாரசீகத்தைக் கடந்து, பாக்தாத்திலிருந்து அலெப்போ வரை 956 கிலோமீட்டர் பாலை வெளியை 23 நாட்களில் தாண்டினார்கள். மணற்புயலில் கண் வீங்க, தாகத்தில் நாக்குத் தடிக்கச் சென்றார்கள். பின்னர்ச் சினாய்ப் பாலைவனத்தையும் கடந்தார்கள். அறுவரில் ஹக்கீம், பாபாசோலா, பும்காரா என்னும் மூவர் பயணத்தை முடித்து 1928 மார்ச்சில் பம்பாய் திரும்பினார்கள்.

இன்னும் நமக்கு நெருங்கிய கதை இராம்நாத் பிசுவாசுடையது. இவர் வங்காளி, சிங்கப்பூரில் வேலை பார்த்தவர், நம் பாட்டனாரைப் போலப் பிழைக்க வந்தவர். 1931 ஜூலை 7ஆம் நாள் சிங்கப்பூரிலிருந்து சைக்கிளில் புறப்பட்டார். கையிருப்பு இரண்டு போர்வை, ஒரு ஜோடிச் செருப்பு, சைக்கிள் பழுது பார்க்கும் பெட்டி ஒன்று. மலாயாவையும் சயாமையும் சீனத்தையும் கடந்தார். 1934க்குப் பின் ஆப்கானிஸ்தானம், ஈரான், ஈராக், சிரியா என்று வறண்ட நாடுகளின் வழியே ஐரோப்பா வரை போனார். பிறகு ஆப்பிரிக்காவுக்கும் போனார். போய் வந்ததை வங்காளியில் பல நூல்களாக எழுதினார். அவருக்கிருந்த வசதியில் எது நமக்கு இல்லை? அவர் எழுதியதைப் போல எழுதப்பட்ட தமிழ் நூல் நம் வீட்டு அலமாரியில் எங்கே?

பாலை தமிழனுக்கு அந்நியம் என்பவர்கள் அகநானூற்றை எண்ணிப் பார்க்கட்டும். நானூறு பாட்டில் ஒற்றைப்படை எண் கொண்ட இருநூறும் பாலைத்திணை. பொருள் தேடிச் சுரம் கடந்தவனைப் பாடுவதற்கே நூலில் பாதியைக் கொடுத்த மொழி இது. மேடையில் அந்தப் பெருமையைப் பேசுவோம். நம் பிள்ளை சுரம் கடக்கப் புறப்பட்டால் மட்டும் கையைப் பிடித்து இழுப்போம்!

இனி ஆபத்து என்னும் வாதம். இதை நாம் சிரித்துத் தள்ளப் போவதில்லை. பாலைவனம் அசட்டையானவனைக் கொல்லும். வெயிலில் மிதிக்கிறவனுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும். கோடையில் அதுவும் போதாது. ஆகையால் தார் வெளிக்குப் போகிறவன் நவம்பர் முதல் பிப்ரவரி வரையுள்ள குளிர் மாதங்களில் போக வேண்டும். விடியுமுன் எழுந்து மிதித்து, உச்சிப் பொழுதில் நிழலில் கிடக்க வேண்டும். மணலில் மெல்லிய டயர் புதையும். அகலமான டயரில் காற்றைக் குறைத்துவிட்டால் அது பரந்து மணலின்மேல் நிற்கும். கெட்டித் தரைக்கு வந்ததும் மீண்டும் அடித்துக்கொள்ள வேண்டும். சங்கிலிக்கு எண்ணெய் அதிகம் விட்டால் மணல் ஒட்டிப் பல்லைத் தின்றுவிடும். முள்ளுக்கு அஞ்சிப் பஞ்சர் ஒட்டும் சாமானும் மாற்று டியூபும் வேண்டும். எல்லையை ஒட்டிய பகுதிகளுக்குள் அந்நிய நாட்டார் அனுமதியின்றிப் போகலாகாது. அதை முன்னரே விசாரித்தறிய வேண்டும். அடுத்த கிணறு எங்கே, அடுத்த ஊர் எத்தனை மைல் என்று கேட்டெழுதாமல் ஓர் அடியும் வைக்கலாகாது. தார்ப் பாலைவனமோ உலகப் பாலைவனங்களில் ஜனநெருக்கம் மிகுந்தவற்றுள் ஒன்று. கேட்டால் தண்ணீர் தரும் கிராமம் இல்லாத நரகம் அன்று.

இதிலே தெரிவது பைத்தியக்காரத்தனமா, ஒழுங்கா? இரவு நடுச்சாலையில் விளக்கும் தடையும் இன்றிப் பாய்கிற ‘பாசிக்கால் லாஜாக்’ கூத்தோடு இதைச் சேர்த்துப் பேசுவது நியாயமா? பிள்ளை பதினாறு வயதில் உரிமம் இல்லாமல் மோட்டார் சைக்கிளில் ஏறிச் சீறும்போது “ஆம்பளைப் பிள்ளை” என்று மெச்சிய மாமன்மார், அவன் தண்ணீரைக் கணக்கிட்டு, வரைபடம் படித்து, காலால் மிதிக்கிறேன் என்றால் ஆபத்து என்று அலறுவது என்ன நியாயம்?

பெண்கள் சங்கதிக்கு வருவோம். தமிழ்நாட்டில் வறட்சிக்குப் பேர்போன புதுக்கோட்டை மாவட்டத்தில், 1991ஆம் ஆண்டை ஒட்டி, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக் கொடுத்தது. ஆட்சித் தலைவராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். வயல் வேலை செய்பவர், கல்லுடைப்பவர், கிராமத்துச் செவிலியர் என்று பல்லாயிரம் பெண்கள் ஏறினார்கள். முதலில் ஏளனம் செய்தவர்கள் வாய் ஓய்ந்தது. பெண்களின் கால் ஓயவில்லை. 2018இல் புனேயைச் சேர்ந்த வேதாங்கி குல்கர்னி என்னும் இருபது வயதுப் பெண் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் தொடங்கி 29,000 கிலோமீட்டர் உலகைச் சுற்றிக் கொல்கத்தாவில் முடித்தாள். வழியில் கரடி துரத்தியது, கத்தி காட்டிக் கொள்ளையிட்டார்கள், ஆயினும் முடித்தாள். நம் வீட்டுப் பெண்ணையோ, பக்கத்துத் தாமானுக்குச் சைக்கிளில் போனாலும் எங்கே போனாய் என்று கேட்கிறோம்.

எல்லாரும் நாளையே பாலைவனத்துக்குப் புறப்படுங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. மூன்று வார விடுமுறை எல்லாருக்கும் கிடைப்பதில்லை. நாட்கூலிக்காரனுக்கு ஒரு நாள் விடுமுறையும் ஒரு நாள் கூலி இழப்பே. லாரிகள் பாயும் பெருஞ்சாலையில் சைக்கிளுக்கு இடமில்லை என்பதும் மெய். ஆனால் பாலைவனத்துக்கான பள்ளிக்கூடம் நம் வாசலிலேயே இருக்கிறது. கரும்புக்காகவும் பிறகு இரப்பருக்காகவும் இந்தத் தென் செபராங் பிறைக்கு நம் முன்னோரைக் கொண்டுவந்து கொட்டினார்கள். இன்று அங்கெல்லாம் செம்பனை. அதற்குள்ளே கிடக்கும் செம்மண் சாலைகள் எத்தனை! அந்தச் சாலைகளை நாம் வேலி என்று எண்ணினோம். 1941 டிசம்பரில் வந்த ஜப்பானியன் வழி என்று எண்ணினான். பறித்த சைக்கிள்களில் ஏறித் தோட்டத் தடங்களின் வழியே பிரிட்டிஷ் படையைச் சுற்றி வளைத்தான். டயர் கிழிந்தபோது வெறும் சக்கரத்திலேயே ஓட்டினான். அவனை நாம் புகழவில்லை. சயாம் மரண இரயிலுக்கு நம்மவரை வாரிக்கொண்டு போன கொடியவன் அவன். ஆனால் தலைமுறை தலைமுறையாக நாம் நடந்த பாதை எங்கே போகிறதென்று, சில வாரங்களில் அந்நியன் அறிந்தான், நாம் அறியவில்லை. இந்த வெட்கம் போக வேண்டாமா?

ஆகையால் ஞாயிறு காலையில் தோட்டத்தாரிடம் அனுமதி கேட்டு நுழையுங்கள். தாத்தா பால் வெட்டிய நிரை எங்கிருந்தது, லயம் எங்கிருந்தது என்று தேடிப் பாருங்கள். அடுத்த மாதம் நிபோங் திபாலைத் தாண்டி, ஆற்றைக் கடந்து, கிரியான் வயல் வரப்புச் சாலைகளில் ஒரு நாள் சென்று வாருங்கள். மண்ணிலும் சேற்றிலும் விழுந்து, பஞ்சர் ஒட்டி, தண்ணீரை அளந்து குடித்துப் பழகியவனுக்குப் பாலைவனம் வெறும் தூரமே. தங்கையையும் கூட அழைத்துச் செல்லுங்கள்.

அந்தக் காப்பிக் கடை இளைஞனுக்கும் ஒரு சொல். நீ போகத்தான் வேண்டும். உன் தாத்தா தலைமுறை கேட்டது அமர்ந்திருக்கும் உரிமை. அதை அவர்கள் கேட்டது பால் ஸ்டோரோடு நிற்பதற்காக அன்று. போய் வந்து, பார்த்ததைத் தமிழில் எழுது. மாமனுக்கு முதற்பிரதி கொடு, அவர் படிப்பார்.

மற்ற வாலிபர்களும், அவர்களைப் பெற்றோரும், யாருக்காக நாம் இறங்குகிறோம் என்பதைச் சிந்திப்பார்களாக.