யாருடைய கத்திக்குப் புதுப்பிடி?

போன தை மாதம், பள்ளிப்பட்டில் எங்கள் மாலை வகுப்புக்கு வரும் கல்லூரி மாணவர் ஒருவர் ஒரு துணிப் பொட்டலத்தை மேசைமேல் பிரித்தார். உள்ளே பழைய சவரக்கத்தி. இரும்பு முழுக்கத் துரு. வால் பக்கம் 'ஜெர்மனி' என்ற ஆங்கில எழுத்துகள் பாதி தெரிந்தன. உடைந்துபோன பிடியைச் செம்புக் கம்பியால் சுற்றியிருந்தார்கள். தாத்தாவுடையதாம். யூடியூபில் பார்த்து வைத்திருப்பதாகவும் தானே புதுப்பிக்கப் போவதாகவும் சொன்னார்.

நாங்களும் பார்த்தோம். வெளிநாடுகளில் இது பெரிய பொழுதுபோக்கு. ஷெஃபீல்டிலும் சோலிங்கனிலும் நூறு வருடத்துக்கு முன்பு செய்த கத்திகளைத் தேடி வாங்கி, துரு எடுத்து, கையால் இழைத்த பிடி போட்டுக் கண்ணாடிபோல ஆக்கிவிடுகிறார்கள். பொறுமையான வேலை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்தக் கத்தி யார் தலையைத் தொட்டது, யார் தலையைத் தொட மறுத்தது என்ற கேள்வி மட்டும் அந்தக் காணொளிகளில் வருவதில்லை. நம்மூரில் அதைக் கேட்காமல் ஒரு சவரக்கத்தியைத் துடைக்க முடியுமா?

சாத்தாராவில் காசு கொடுக்கத் தயாராக இருந்தும் எந்த நாவிதரும் தங்களுக்கு முடிவெட்ட வரவில்லை, அக்காதான் வெட்டிவிட்டார் என்று அண்ணல் அம்பேத்கர் தன் பள்ளிப்பருவத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில், கடைகளில் யாரையும் தடுக்கக் கூடாது என்ற பிரிவு விவாதத்துக்கு வந்தது. மதராஸிலிருந்து சென்ற உறுப்பினர் எஸ். நாகப்பா, சலவைக் கடையும் முடிதிருத்தகமும் இதில் அடங்குமா என்று கேட்டார். சேவை அளிக்கும் யாராக இருந்தாலும் அடங்கும் என்பதுதான் அம்பேத்கரின் பதில். 1955-இல் வந்து, பின்பு குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறிய சட்டத்தின் 6ஆம் பிரிவு, தீண்டாமை காரணமாகச் சேவை மறுப்பதைக் குற்றம் என்கிறது. அதற்குப் பிறகும் தலித் இளைஞருக்கு முடிவெட்ட மறுத்தார்கள் என்ற செய்தியை நாளிதழில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

இதில் நாவிதரை மட்டும் எதிரியாக்குவது சுலபம். கடையில் இவர்களுக்கு வெட்டினால் நாங்கள் வரமாட்டோம் என்று மிரட்டுகிறவர் வேறு ஆள். வழக்கில் அவர் பெயர் வருவது அபூர்வம். நம் எல்லைப் பக்கம் மங்கலி என்றும் அழைக்கப்படும் அந்தச் சமூகமும் ஊர்ச்சோற்றுக்குக் கட்டுப்பட்டுக் கிடந்ததுதான். மலைக்கோயில்களில் காலமெல்லாம் மொட்டை போட்ட தொழிலாளர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை என்று அரசு அறிவிக்க 2021 வரை ஆனது.

கத்திக்கு வருவோம். முதல் வேலை பழைய ஆணியை எடுப்பது. தலையை அரத்தால் ராவி, மெல்லிய கம்பி வைத்துத் தட்டினால் வந்துவிடும். துருவுக்கு மண்ணெண்ணெயில் ஊறவைத்து, தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். முரட்டுத் தாளில் தொடங்கி நைசுக்கு வர வேண்டும். மின்சாரச் சாணையில் பிடிக்கவே கூடாது. சூடேறி விளிம்பு நீலம் பாய்ந்தால் பதம் போய்விடும், அப்புறம் அந்தக் கத்தி வெறும் தகடு. அவர் இரண்டு வாரம் கையாலேயே தேய்த்தார்.

பிடிக்கு என்ன போடுவது என்பதில்தான் விவாதம். செம்மரம் அழகாக இருக்கும் என்றார் ஒருவர். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் தமிழ்த் தொழிலாளர்கள் 20 பேரை ஆந்திரப் போலீசு சுட்டுக்கொன்றதை நினைவுபடுத்தியதும் அந்தப் பேச்சு நின்றது. அடுத்தது எருமைக் கொம்பு. ஷெஃபீல்டு கத்திகளுக்கே இந்தியாவிலிருந்து கொம்பு போயிருக்கிறது. எங்களுக்கு உற்சாகம் வந்துவிட்டது. செத்த மாட்டைத் தூக்கியவர்கள் நாம், கொம்பும் தோலும் நம் கை வழியாகத்தான் போயின. கத்தியைத் தீட்டும் தோல்வாரும் நம் உழைப்பு, அந்தக் கத்தி தொடாத தலையும் நம்முடையது. ஏப்ரல் 14 கண்காட்சியில் 'நம் மக்களின் கருவி' என்று அட்டை எழுதி வைப்போம் என்று முடிவே செய்துவிட்டோம்.

அதுவரை பேசாமல் இருந்த மாணவர் அப்போதுதான் வாய் திறந்தார். "அண்ணா, இது உங்க மக்களோடது இல்ல. எங்க தாத்தா உங்க தெருவுக்குத்தான் சவரம் செஞ்சாரு."

அவர் புதிரை வண்ணார். ஊர் நாவிதர் காலனிக்கு வராத காலத்தில் எங்கள் துணியை வெளுத்ததும், முடி வெட்டியதும், சாவுக்கு வந்து நின்றதும் அவர்கள்தான். பிரசவம் பார்த்ததும் அந்த வீட்டுப் பெண்களே. கூலி தானியம், பொழுது சாய்ந்தால் வீடு வீடாக வந்து வாங்கிப் போகும் சோறு. எங்கள் வயதுப் பையன்கள்கூட அந்தப் பெரியவரை 'வாடா போடா' என்றுதான் கூப்பிட்டோம். வெளியே 'தோழர்' என்று பேசக் கற்றுக்கொண்ட பிறகும் அவரை 'ஐயா' என்று ஒருநாளும் அழைத்ததில்லை. அன்று மாலை யாருக்கும் பேச்சு வரவில்லை.

சமூகவியல் படித்தபோது, படிநிலைச் சாதியில் ஒவ்வொருவருக்கும் கீழே ஒருவர் இருக்கிறார் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். இதுவும் அதுதான். நாம் பட்டது சிறிதில்லை, அதை யாரும் குறைக்க வேண்டாம். ஆனால் நம் தெருவுக்குள் நாம் செய்ததைச் சொல்லாமல் ஊர்க்காரர்களை மட்டும் குற்றம் சொன்னால், அந்தப் பையன் எதற்காக நம் வகுப்புக்கு வர வேண்டும்? இன்று அவர்களுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்குவதே போராட்டம். பட்டியலில் பெயர் இருக்கிறது. அலுவலகத்தில் வெறும் வண்ணார் என்று பிற்படுத்தப்பட்டோர் கணக்கில் தள்ளப் பார்க்கிறார்கள். அவர் தங்கையின் மனு மாதக்கணக்கில் கிடக்கிறது. அதற்கு எத்தனை நாள் எங்களில் எவர் கூடப் போயிருக்கிறோம் என்று கணக்குப் பார்த்தோம். ஒரு நாளும் இல்லை.

பிடியை அவரே முடிவு செய்தார். பள்ளிப்பட்டில் தறிக்குப் பஞ்சமா? பழைய தறியின் உடைந்த நாடாக் கட்டை ஒன்றை வாங்கி, நீளவாக்கில் இரண்டாக அறுத்து, கத்தி நடுவில் உரசாமல் விழும்படி இழைத்தார். பித்தளை ஆணியைச் சிறு சுத்தியலால் தட்டித் தட்டி மடக்கினார். சாணைக்கல்லில் முதுகும் விளிம்பும் ஒன்றாகப் படும்படி படுக்கவைத்துத் தீட்டினார். உடைந்த பழைய பிடியையும் செம்புக் கம்பியையும் எறியவில்லை, அதே துணியில் முடிந்துவைத்திருக்கிறார்.

கண்காட்சிக்குக் கத்தியைக் கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை, அவரும் தருவதாகச் சொல்லவில்லை. தங்கையின் மனுவுக்காகத் திங்கட்கிழமை அவரோடு நான்கு பேர் போகிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் காலனிப் பெரியவர்களிடம் மூன்று கேள்வி கேட்டு எழுதப் போகிறோம்: உங்களுக்கு முடி வெட்டியவர் யார், என்ன கூலி கொடுத்தீர்கள், அவரை எப்படிக் கூப்பிட்டீர்கள். வர விரும்பும் மாணவர்கள் நோட்டோடு வரலாம். முதலில் எங்கள் வீடுகளில்தான் கேட்கிறோம்.