அகத்தியருக்குக் கீழே பாருங்க

பொதிகையைப் பார்த்தாலே அகத்தியரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறோம். அவர் பெயரில் இருக்கும் நட்சத்திரத்தை நிமிர்ந்து பார்த்தவர் எத்தனை பேர்? ‘நம்ம முன்னோருக்கு எல்லாமே தெரியும்’ என்று ஃபார்வர்டு பண்ண வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை, அதான் வசதி.

ஜனவரி நடுவில், இரவு பத்து மணிவாக்கில், தாமிரபரணிக் கரையில் தெற்கே மறைப்பில்லாத இடத்தில் நில்லுங்கள். அகத்திய நட்சத்திரத்துக்குக் கீழே, சற்று வலப்பக்கம், அடிவானத்திலிருந்து சுமார் 12 பாகை உயரத்தில் இருக்கிறது பெரிய மகெல்லன் மேகம். டெல்லியில் அது உதிப்பதே இல்லை. பால்வழியின் துணை விண்மீன் மண்டலம். தூரம் சுமார் 1,60,000 ஒளியாண்டு. அரை நாளுக்கொரு தடவை ஒளி கூடிக் குறையும் ஆர்ஆர் லைரே விண்மீன்கள் அதில் 30,000க்கும் மேல் எண்ணப்பட்டிருக்கின்றன. வெறுங்கண்ணுக்குத் தெரியாது, பெரிய தொலைநோக்கி வேண்டும். அவற்றின் வயது 1,000 கோடி ஆண்டுக்கும் மேல். நம் சூரியனுக்கு 460 கோடிதான். பழம்பெருமை பேசணும்னா இதைப் பேசலாமே!

முன்னோர் வேண்டுமா? சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பம், மெட்ராஸ் வானாய்வகத்தில் வேலை. அந்த மேகத்துக்குப் பக்கத்தில் தெரியும் ஆர் ரெட்டிகுலி (அது பால்வழிக்குள்ளேயே இருக்கும் விண்மீன்) ஒளி மாறுவதை 1867இல் கண்டுபிடித்தவர் அவர். பஞ்சாங்கத்தையே வானத்தைப் பார்த்துத் திருத்தணும் என்று சொந்தக்காரத் தொழிலோடு சண்டை போட்டவர். அவரை யார் ஃபார்வர்டு பண்றாங்க?

அகத்தியருக்குச் சிலை கேட்பவர்கள், ஆற்றங்கரை ஹைமாஸ்ட் விளக்கின் வெளிச்சம் மேலே சிதறாமல் ஒரு மூடியும் சேர்த்துக் கேளுங்கள். ஜனவரிக்கு முன்னால் போட்டால் நல்லது.